கிரவல் போட்ட இடம்

சட்டத்தரணி தாட்சாயினி மேசையில் கிடந்த படத்தைப் பரமலிங்கத்தின் பக்கம் திருப்பி வைத்தாள். கார்க்காரன் விபத்தன்று தன் தொலைபேசியில் எடுத்து வழக்குக்குக் கொடுத்த படம். வீதியின் மறுபக்கத்தில் கார் சரிந்து கிடந்தது. பரமலிங்கத்தின் உழவு மெசின் முன்சில்லு முறிந்து, நடுக்கோட்டுக்கு மேலால் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. இந்தப் பக்கத்துத் தாரின் மேல் ஒரு பாய் அகலத்துக்குச் சிவப்புக் கிரவல் மண் பரவியிருந்தது.

“இந்தக் கிரவலை ஆர் போட்டது ஐயா?”

“நான்தான் பிள்ளை.”

“பொலிசுக்கும் இப்பிடியே சொன்னனீங்களோ?”

“ஓம். உள்ளதைத்தானே சொல்லவேணும்.”

அவள் பேனையை மூடி வைத்தாள். பக்கத்துக் கதிரையில் இருந்த விமலேஸ்வரி புருசனைத் திரும்பிப் பார்த்தாள். “முப்பத்தாறு வரியமா இந்த மனிசனுக்கு வாய் சோறு தின்ன மட்டுமெண்டு இருந்தனான் பிள்ளை. பொலிசைக் கண்டாப்போலதான் திறந்திருக்குது.”

நடந்தது பெரிய கதையல்ல. பரமலிங்கம் விசுவமடுவில் இருந்து மெசின் பெட்டியில் நெல் ஏற்றிக்கொண்டு வவுனியா ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தான். கனகராயன்குளத்தில், எதிரே வந்த லொறியை முந்திக்கொண்டு கார் அவனுடைய பக்கத்துக்குள் ஏறிவிட்டது. முன்சில்லில் அடித்து, சுழன்று, தன் பக்கத்திலேயே போய் விழுந்தது. சில்லில்லாத மெசினும் பாரத்தின் உந்தலில் நடுக்கோட்டைத் தாண்டி இழுபட்டது. லொறி நிற்கவில்லை. காரில் இருந்து எறியப்பட்ட கிழவி, கார்க்காரனின் தாய், அடிபட்ட இடத்திலேயே கிடந்தா. வழியில் வந்த வானொன்றை மறித்து அவவை ஏற்றி அனுப்பிய பிறகு பரமலிங்கம் பெட்டியில் கிடந்த மண்வெட்டியை எடுத்தான். வீதியோரத்துக் கிரவலை வெட்டி, ரத்தத்தை மூடினான். பொலிஸ் வர முக்கால் மணித்தியாலம் ஆனது. கிழவி வவுனியாவுக்குப் போய்ச் சேரும் முன்னரே செத்துப்போனா.

“முறிஞ்ச இரும்பு முதல்முதல் தாரைக் கிழிச்ச இடம் அந்தக் கிரவலுக்குக் கீழைதான் இருந்தது” என்றாள் தாட்சாயினி. “கார் உங்கடை பக்கம் வந்ததுக்கு இருந்த ஒரே சாட்சி அது. அதை நீங்களே மூடிப்போட்டியள். பொலிசு கிரவலுக்கு வெளியாலை கண்டதை மட்டும் அளந்திருக்கு. நீங்கள் சிக்னல் போடாமல் வலப்பக்கம் திருப்பினதெண்டு அவை சொல்லீனம். தடயத்தை மறைச்சதெண்டும் சொல்லுவினம். ஏன் ஐயா மூடினனீங்கள்?”

அவனுக்குக் கேள்வி விளங்கவில்லை. மூடாமல் விடுவார்களா?

“நாய் வந்திடும் பிள்ளை.”

விமலேஸ்வரி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். மாத்தளனில், கடைசிச் சண்டையில் செத்துக் கிடந்த மகன் கோகுலனை அவர்கள் விட்டுவிட்டு ஓடிவந்தது பட்டப்பகலில். ஒரு பிடி மண் போடக் குனிய முடியவில்லை. திரும்பிப் பார்த்தபோது இரண்டு நாய்கள் நின்றன. அதைப் பற்றி அதற்குப் பிறகு இருவரும் ஒரு சொல் கதைத்ததில்லை.

தாட்சாயினிக்கு விளங்கியது. அவளும் அந்த மண்ணில் பிறந்தவள்தான். “கோட்டிலை இது எடுபடாது ஐயா” என்றாள். “குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனையைக் குறைச்சுக் கேக்கலாம். லைசன்ஸ் போகும். இல்லையெண்டு வழக்காடித் தோத்தால் மறியலிலை இருக்கவேணும். பதினாலாம் திகதி தவணை. அதுக்கிடையிலை கண்ணாலை கண்ட ஒரு ஆளைக் கொண்டாங்கோ.”

“போய் அந்தக் கீறலைப் படமெடுத்தா?”

“மூண்டு கிழமை போயிட்டுது. நீங்களே அலவாங்காலை கொத்தினதெண்டு சொல்லுவாங்கள்.”

லைசன்ஸ் போனால் அறுபத்தொரு வயதில் ஊரான் வயலில் வரம்பு வெட்டவேண்டும். இடுப்பு அதற்கு இனி வளையாது. செய்யாத பிழையை ஒப்புக்கொண்டால் அதுதான் கிடைக்கும். ஒப்புக்கொள்ளாவிட்டால் அதுவுமில்லை.

திரும்பும் வழியில் இருவரும் கனகராயன்குளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். வீதியோரக் கொட்டிலில் இலட்சுமி சோளம் அவித்துக்கொண்டிருந்தாள். மலைநாட்டில் இருந்து வந்து குடியேறிய குடும்பம். அன்றைக்கு ஓடிவந்து கிழவியின் வாயில் தண்ணீர் விட்டவள் அவள்தான். பரமலிங்கத்தைக் கண்டதும் எழும்பினாள்.

“வாங்கண்ணே. மெசினை விட்டாங்களா?”

“இல்லைத் தங்கச்சி, பொலிசிலைதான் நிக்குது. நீ அண்டைக்குக் கண்டனியெல்லோ?”

“பாக்காம? லொறிய முந்திக்கிட்டு கார்தானே ஒங்க பக்கம் பாஞ்சிச்சு. ஒங்க மேல என்னா பெழ இருக்கு?”

“அதைக் கோட்டிலை வந்து சொல்லுவியோ?”

அவள் குனிந்து விறகைத் தள்ளினாள். தள்ளத் தேவையில்லாத விறகு.

“இந்தக் கொட்டில் ரோட்டுக் காணியிலண்ணே நிக்குது. போன மாசமும் கழட்டச் சொல்லிட்டுப் போனாங்க. கோட்டுல வெலாசம் கேட்டா எதச் சொல்றது? இதோட மூணு எடம் எழும்பியாச்சு.”

“ஒரு பத்து நிமிசக் கதைதானே பிள்ளை” என்றாள் விமலேஸ்வரி.

“ஒங்களுக்குப் பத்து நிமிசம்க்கா.”

பரமலிங்கம் போகத் திரும்பினான். அவளுடைய இடத்தில் நின்றால் தானும் இதையே சொல்லியிருப்பான் என்பது தெரிந்ததுதான் அவனை அடித்துப்போட்டது. கோபப்படக்கூட ஒரு ஆள் மிஞ்சவில்லை. இலட்சுமி இரண்டு சோளம் சுற்றிக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை. முகத்தையும் பார்க்கவில்லை.

மழை கிரவலைக் கழுவிக்கொண்டு போயிருந்தது. கீறல் அப்படியே இருந்தது. முழங்கை நீளத்துக்கு, நாலு விரல் புதையும் ஆழத்துக்கு, அவன் மெசின் ஓட்டிவந்த பக்கத்திலேயே. அவன் குந்தியிருந்து அதற்குள் விரலை விட்டான். தார் சுட்டது.

“இஞ்சருங்கோ, இதுதானே?”

“இதுதான்.”

“நடுக்கோட்டிலை இருந்து எவ்வளவு தள்ளி எண்டு அளந்து வைப்பம்.”

“அளந்து? லோயர் சொன்னது கேக்கேல்லையோ உனக்கு?”

“கேட்டது.”

விமலேஸ்வரி செருப்பைக் கழற்றி ஓரத்தில் வைத்தாள். நடுவிலிருந்த வெள்ளைக் கோட்டில் குதிக்காலை ஊன்றி, பெருவிரலோடு மற்றக் குதிக்காலை ஒட்டி வைத்தாள். ஒண்டு. ரெண்டு. மூண்டு. நாலாவது அடி வைக்கும்போது யாழ்ப்பாண பஸ் கோர்னை அமத்திப் பிடித்துக்கொண்டு வந்தது. அவள் ஓரத்துக்கு ஓடினாள். பஸ் போனதும் திரும்பவும் கோட்டுக்குப் போய்க் குதிக்காலை ஊன்றினாள்.

“ஒண்டு” என்றாள்.

தெற்கே இருந்து ஒரு லொறி வந்துகொண்டிருந்தது.