விழுங்கிய 'ஆனா'

டாக்டர் சொன்னதில் முதல் பாதி அவளுக்கு வயிற்றில் பாலை வார்த்தது. மீதிப் பாதியைத்தான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மென்றுகொண்டு வந்தாள்.

அவள் தையல்காரி. மகனின் கழுத்துக் கட்டியைக் காட்டிக்கொடுத்ததே அவள் தைத்த சட்டைதான். முந்தின மாதம் வரை சேர்ந்த காலர் பட்டன் திடீரென்று சேர மறுத்தது. "ஒரு காலரை ஒழுங்கா வெட்டத் தெரியல, இதுல தையல் கடை வேற" என்று சிரித்தவள் நாத்தனார், கணவனின் அக்கா. புருஷனுக்கு வெளியூரில் வேலை என்று மகளோடு தம்பி வீட்டிலேயே தங்கியிருப்பவள். கட்டி நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்ததும் அவள் சிரிப்பு நின்றது, நாக்கு நிற்கவில்லை.

"எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கேள்விப்பட்டதே இல்ல. எல்லாம் இவ கொண்டுவந்த ரத்தம்."

இத்தனைக்கும் அவள் மகளுக்கும் அதே சமயத்தில் கழுத்தில் வீங்கியிருந்தது. சோதித்துப் பார்த்து, அது வெறும் நெறி, பயமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இன்னமும் தொட்டால் விரலில் தட்டுப்படும். அவள் மகளுக்கு வந்தால் நெறி, இவள் மகனுக்கு வந்தால் ரத்தக் கோளாறு!

மருந்து ஏற்றி, முடி கொட்டிக் கிடந்த பையனுக்குத் தனி டம்ளர் வைத்ததும் நாத்தனார்தான். மகளை அவன் பக்கம் அண்டவிடவில்லை. "ஒட்டிக்கிட்டா யார் பதில் சொல்றது?" கணவனோ அக்கா முன்னால் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டான். பையன் பிழைத்து, தலையில் முடி முளைத்த பிறகும் அந்த டம்ளர் மாறவில்லை. தையல்காரியின் மனசும் ஆறவில்லை.

ஆஸ்பத்திரியில் மரபணு ஆராய்ச்சிக்குக் குடும்பத்தார் ரத்தம் கேட்டபோது, நாத்தனார் முந்திக்கொண்டு கையை நீட்டினாள். மகளையும் நீட்ட வைத்தாள். "எடுத்துப் பாருங்க, யார் பக்கம்னு தெரியட்டும்." முடிவு வந்த அன்று மட்டும் இவளோடு போகவில்லை. "எங்க முடிவையும் இவகிட்டயே சொல்லிடுங்க" என்று டாக்டருக்குப் போன் செய்துவிட்டு, இவளிடம் திரும்பினாள். "நீயே கேட்டுக்கிட்டு வா. உன் வாயாலயே வந்து சொல்லணும்."

"ஒரு மரபணுவுல சின்ன மாறுதல் இருக்கும்மா" என்றார் டாக்டர். "அப்பா வழியில வந்தது. அவங்க அக்காவுக்கும் அக்கா பொண்ணுக்கும் கூட இருக்கு."

அவள் எழுந்து குதிக்காத குறை.

"ஆனா, வெறும் நெறி கட்டின பிள்ளைங்க எத்தனையோ பேருக்கும் இதே மாறுதல் இருக்கு. இது இருக்கிறதாலயே நோய் வரும்னு இல்ல. அந்தப் பொண்ணு நல்லாத்தான் இருக்கா. இதுல யார் மேலயும் குத்தமில்லம்மா."

யார் மேலும் குற்றமில்லையாம். அதைக் கேட்கவா இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்?

வீட்டுக் கூடத்தில் நாத்தனார் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகள். "என்ன, வாயே திறக்க மாட்டேங்கிற? சொல்லு, யார் பக்கம்?"

"உங்க பக்கம் அண்ணி. உங்க தம்பிக்கு இருக்கு. உங்களுக்கு இருக்கு. உங்க பொண்ணுக்கும் இருக்கு."

'ஆனா' நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

ஆடிய கால் நின்றது. நாத்தனாரின் கை தானாக மகளின் கழுத்துக்குப் போய், அந்தப் பழைய நெறியைத் தடவியது. மறுபடியும் தடவியது. முகத்தில் ஈயாடவில்லை. பார்த்துக்கொண்டு நின்ற தையல்காரிக்கு இனித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே இனித்தது.

சிறுமி அம்மாவின் கையை விலக்கிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் பையனின் தனி டம்ளர் இருந்தது.

"அம்மா, இனிமே எனக்கும் இதுலதானே தண்ணி?"

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தையல்காரிக்குச் சுருக்கென்றது. கணக்குத் தாயோடு, பிள்ளை என்ன பாவம் செய்தது?

"வாடி, உன் புதுக் கவுனுக்கு அளவெடுக்கணும்" என்று சிறுமியைத் தையல் அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். கழுத்தில் டேப்பைச் சுற்றியபடியே குனிந்து காதில் சொன்னாள். "உனக்கு ஒண்ணுமே இல்லடி. வெறும் நெறிதான். இந்த மாறுதல் நிறைய பேருக்கு இருக்காம், டாக்டரே சொன்னார்."

"நிஜமா அத்தை?"

"என் பிள்ளை மேல சத்தியமா."

சிறுமிக்கு மூச்சு வந்தது. டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அம்மாகிட்ட சொல்லணுமா?"

"சொல்லணும்தான்."

"மெதுவா சொல்லலாம் அத்தை. என்னை அவன்கூட விளையாடவே விடல."

கதவு தட்டப்பட்டது. "ஏம்மா…" நாத்தனார் அவளை இப்படிக் கூப்பிட்டு எத்தனையோ காலமாயிற்று. "டாக்டர் வேற ஏதாவது சொன்னாரா? சொல்லும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

தையல்காரி குண்டூசி டப்பாவைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து உதடுகளுக்கு நடுவே வைத்துக்கொண்டாள். வாயில் குண்டூசி இருந்தால் அவள் பேசமாட்டாள் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கவுனுக்குத் துணியே இன்னும் வாங்கவில்லை.