பாவாடை ஓட்டிய வண்டி

கலைச்செல்விக்குக் கொள்ளுத் தாத்தா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. செத்து அறுபது வருஷம் ஆனவரோடு சண்டை போடவா முடியும்?

செஞ்சிக் கோட்டை ராஜகிரி அடிவாரத்தில் எடுத்த படம். பின்னால் 1921 என்று எழுதியிருக்கிறது. மிராசுதாரின் வெளிநாட்டுக் கார். அதன் முன்னால் காக்கிச் சட்டையில் டிரைவர் பாவாடை, அவள் கொள்ளுத் தாத்தா. ஆயுத பூசையன்று மட்டும்தான் டிரைவரை வண்டியோடு படத்துக்கு நிற்கவிட்டார்கள். மனுஷன் சும்மா நின்றாரா? இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டி, ரேடியேட்டர் மறைய மாலை போட்டு, மிச்ச இடத்தில் சந்தனத்தை அப்பிவிட்டார். கம்பெனிச் சின்னம் சாமந்திக்குள் எங்கேயோ கிடந்தது.

"ஓவரா பண்ணிட்டாரு நைனா," என்று அப்பா விநாயகத்திடம் எரிந்து விழுந்தாள்.

"பூசைன்னா மால போடாம இன்னா பண்ணுவாங்க?"

சென்னையில் சுந்தரமூர்த்தி என்பவர் பழைய கார்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார். வண்டி இன்னதென்று தெரிந்தால்தான் படத்தைச் சேர்ப்பேன் என்றுவிட்டார். ஒரு குழி நிலம்கூட இல்லாத தங்கள் தெருவிலிருந்து வண்டி கழுவப் போன ஆள், பார்த்துப் பார்த்தே ஓட்டக் கற்றுக்கொண்டார் என்பது அச்சில் வரவேண்டும். கலைச்செல்விக்கு அது ஒன்றுதான் வேண்டும். வாயால் சொன்னால், "உங்க தாத்தா காரு, எங்க தாத்தா ஏரோப்ளேன்" என்று செஞ்சி கடைவீதியே சிரிக்கிறது.

ஐந்து மாதம் நாயாய் அலைந்தாள். மிராசுதாரின் பேரன் கேட்டையே திறக்கவில்லை. இணையத்தில் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். தான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்தில் படத்தை ஸ்கேன் செய்து செய்து சுந்தரமூர்த்திக்கு அனுப்பினாள். ஒவ்வொரு முறையும் கீழே பாவாடையின் பெயரை எழுதினாள். "பூவுக்குப் பின்னால இருக்கறது எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றே பதில் வந்தது. அலுத்துப்போய், மாலை விழாத முன் சக்கரத்தை மட்டும் பெரிதாக்கி அனுப்பினாள்.

மறுநாளே சுந்தரமூர்த்தி கூப்பிட்டார்.

"முன் சக்கரத்துல பிரேக் இருக்கும்மா! அந்த வருஷத்துல அதை வெச்சது விரல்விட்டு எண்ணுற கம்பெனிங்கதான். பானட் நீளத்தையும் பார்த்தா ஐசோட்டா ஃப்ராஸ்கினி, இத்தாலி வண்டி. புத்தகப் பக்கத்தை அனுப்பிட்டேன், பாரு."

திறந்தாள். வண்டி பளபளவென்று நின்றது. மாலை இல்லை, வாழைமரம் இல்லை. பாவாடையும் இல்லை.

"எங்க தாத்தா எங்க சார்?"

"வண்டிய மறைக்கிறாரேம்மா. முன்னால இருந்ததெல்லாம் கம்ப்யூட்டர்ல எடுத்தாச்சு. எவ்வளவு சுத்தமா வந்திருக்கு!"

"இந்தப் படம் வேணாம் சார். போடாதீங்க."

"என்னம்மா இது? அஞ்சு மாசமா வண்டி வண்டின்னு நீதானே உயிரை வாங்கின?"

"வண்டி மிராசுதாருது சார்," என்றாள் கலைச்செல்வி. "எங்களுக்கு இருந்தது அவரு ஒருத்தருதான்."