முயற்சிக்குப் புள்ளி கிடையாது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கடிதத்தை எழுதாமல் தள்ளிப்போடத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். கடிதம் மூன்று வரி. கதை எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவுக்கு எனக்கு நல்லது.

நான் ஆரணியில் தமிழாசிரியர். மூன்று சிறுகதைத் தொகுப்புகள் போட்டிருக்கிறேன். மூன்றும் எங்கள் பள்ளி நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. யாரும் எடுத்ததாகக் கேள்வியில்லை.

2

முதல் தொடக்கம்: "தறிச் சத்தத்தில் கண்விழிக்கும் ஆரணியில் அன்று..."

[அடித்துவிட்டேன். ஆரணிக்காரன் எழுதினால் தறி ஓடியாக வேண்டும் என்பது பத்திரிகைகளின் எதிர்பார்ப்பு. போன கதையையும் "தறி எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அது ஒரு பல் டாக்டரைப் பற்றிய கதை.]

இரண்டாம் தொடக்கம்: "இளமதியின் கால்கள் மின்னலாய்..."

[மின்னலுக்கு ஏது கால்?]

மூன்றாவது, வேறு வழியில்லாமல், நடந்தது. போன சனிக்கிழமை ஆரணிக்கும் போளூருக்கும் பதினேழு வயதுக்குட்பட்ட மாணவியர் ரக்பி போட்டி. பக்கத்துக்கு ஏழு பேர். ஜெயிக்கிற அணி மாநிலப் போட்டிக்குப் போகும். மாநிலத்தில் ஆடிய சான்றிதழ் இருந்தால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம். ஆரணி கேப்டன் இளமதி என் மாணவி. அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும். அவளுக்கு இருந்தது இந்த ஒரே சனிக்கிழமைதான்.

3

ரக்பி தெரியாதவர்களுக்கு: முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு ஓடி, எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தால் அதற்குப் பெயர் 'ட்ரை'. ஐந்து புள்ளி. அதன்பிறகு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் இன்னும் இரண்டு.

இது எனக்கு இன்று தெரியும். போன மாதம் தெரியாது. போன மாதம்தான் அந்த ஆட்டத்தின் புள்ளிப் படிவத்தை நான் தமிழாக்கிக் கொடுத்தேன்.*

(* படிவங்களெல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்று எங்கள் ஊர் விளையாட்டு ஆபீஸில் முடிவெடுத்து என்னிடம் வந்தார்கள். 'கன்வர்ஷன்' என்று ஒரு கட்டம் இருந்தது. அகராதியில் முதலில் கிடைத்த 'மதமாற்றம்' என்ற சொல்லைப் போட்டிருந்தால் விவகாரம் கலெக்டர் வரை போயிருக்கும். 'மாற்று உதை' என்று போட்டுத் தப்பித்தேன். அந்தப் பெருமிதத்தில் அடுத்த வரிக்கு வந்தேன். 'ட்ரை – 5' என்று இருந்தது. நீளம் தாண்டுவதற்கு இத்தனை வாய்ப்பு என்று வைப்பார்களே, அதுமாதிரி என்று நினைத்து, 'முயற்சிகள், ஐந்துக்கு மிகாமல்' என்று எழுதினேன். பாராட்டிப் பொன்னாடை போர்த்தினார்கள். பட்டு ஊரில் போர்த்திய பொன்னாடை பாலியஸ்டர். இந்தக் கதைக்கும் பட்டுக்கும் உள்ள சம்பந்தம் இத்தோடு முடிந்தது.)

ஆட்டத்துக்கு வருவோம். போளூர் கேப்டன் ஜாக்குலின் முதல் பாதியிலேயே ஒரு ட்ரை வைத்து, உதையையும் போட்டுவிட்டாள். ஏழு. ஆரணி ஒன்று வைத்தது. உதை வெளியே போனது. ஐந்து. கூட்டத்துக்கு விதி தெரியாது. ஆனாலும் தொண்டை கிழியக் கத்தியது. பாதிப் பேர் கபடி என்று நினைத்துப் 'பாடும்மா, பாடு' என்றார்கள்.

கடைசி நிமிடம். பந்து இளமதி கையில். இரண்டு பேர் அவள் சட்டையைப் பிடித்திருந்தார்கள், ஜாக்குலின் இடுப்பைப் பிடித்திருந்தாள். மூன்று பேரையும் இழுத்துக்கொண்டே நாலடி நடந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்து, பந்தைத் தரையில் அழுத்தினாள். வாயெல்லாம் மண். ரெஃபரி கோகுல்ராஜ் கையைத் தூக்கி விசில் ஊதினார். உதை மறுபடி வெளியே போனது. பத்துக்கு ஏழு. முடிவு விசிலையும் ஊதிவிட்டு, படவேடு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று கண்டக்டருக்கே தெரியாது.

நான் கைதட்டினேன். ஏன் தட்டுகிறேன் என்று அப்போதுதான் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

4

புள்ளி மேசையில் ராமதாஸ் இருந்தார். இருபது வருடம் கபடிக்குப் புள்ளி எழுதியவர். அச்சிட்ட படிவத்தை மீறாதவர். கூட்டிப் பார்த்து அறிவித்தார்: போளூர் இரண்டு, ஆரணி சுழியம்.

இளமதி மண்ணைத் துப்பிவிட்டு வந்தாள்.

"சார், நாங்க ரெண்டு ட்ரை சார்!"

"ஆமாம்மா, எழுதிகீறேனே. இந்தா பாரு, முயற்சி ரெண்டு."

"அதுக்குப் பாயிண்ட் எங்க சார்?"

"முயற்சிக்கு எங்கம்மா பாயிண்ட் போட்டுகீது? படிவத்துல இல்லியே. மாற்று உதைக்கு ரெண்டுன்னு கீது. அது போளூரு போட்டுகீது. ட்ரை பண்ணவங்களுக்கெல்லாம் பாயிண்ட் குடுத்தா, இந்த ஊர்ல எவன் தோப்பான்?"

ரக்பியில் இரண்டுக்குச் சுழியம் என்று ஓர் ஆட்டம் முடியவே முடியாது. ட்ரை வைக்காதவருக்கு அந்த உதையே கிடையாது. அன்று முடிந்தது. சிறப்பு விருந்தினருக்கு இன்னொரு விழா இருந்ததால், "ஜல்தி, ஜல்தி" என்று கோப்பையைப் போளூருக்குக் கொடுத்தார்கள்.

5

இரண்டாம் வரைவில் இளமதியை அழவைத்தேன். நன்றாகத்தான் வந்தது. நிஜத்தில் அவள் அழவில்லை. திங்கட்கிழமை படிவத்தின் ஜெராக்ஸோடு ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

"ஐயா, இத எழுதனது நீங்கதானாமே?"

"ஆமாம்மா. அச்சுப்பிழை ஏதாவது..."

[இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு இன்றும் தைரியமில்லை.]

கோகுல்ராஜுக்கு போன் போட்டு என்னிடம் நீட்டினாள். "நா ரெண்டு வாட்டி கையத் தூக்கினேங்க. தாள்ல இன்னா எழுதினாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? படிவம் தப்புன்னு நீங்க ஒரு லெட்டர் குடுங்க, கீழ நானும் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

முறையீட்டுக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. எழுதுகிறேன் என்றேன். அன்று மாலை இந்தக் கதையை ஆரம்பித்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். கடிதம் கொடுத்தால் ஆசிரியர் அறையில் ரிட்டயர் ஆகும்வரை நான் 'முயற்சி ஐயா'. பொன்னாடை போர்த்தியவர்கள் அடுத்த மாதம் நல்லாசிரியர் விருதுக்கு என் பெயரை அனுப்புகிறார்கள். கதையில் என்னைப் பற்றி எவ்வளவு கேவலமாகவும் எழுதலாம். எழுத்தாளரின் நேர்மை என்று மெச்சுவார்கள். கடிதத்தில் அப்படி யாரும் மெச்சப்போவதில்லை.

என் மனைவி துர்கா இதுவரை படித்துப் பார்த்தாள். "கதை ஷோக்காத்தான் கீது. அந்தப் பொண்ணுக்கு லெட்டர எழுதிட்டீங்களா?" என்றாள். விமர்சகர்கள் எப்போதும் பிரதிக்கு வெளியே போய்விடுகிறார்கள்.

6

முடிவுகள் சில:

ஜாக்குலின் கோப்பையோடு பஸ் ஏறி வந்து, இளமதியிடம் நீட்டுகிறாள். இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். [ஜாக்குலினுக்கும் போன் போட்டேன். "நாங்க எதுக்கு சார் குடுக்கணும்? தப்பு எழுதனவங்களப் போயி கேளுங்க" என்றாள்.]

ராமதாஸ் மனம் திருந்தி... [அவர் திருந்த என்ன இருக்கிறது? படிவத்தில் இருந்ததைத்தான் கூட்டினார். அதை எழுதியவன் நான்.]

ஆசிரியர் ஒருவர் குற்ற உணர்வில் நடுங்கும் விரல்களால் பேனாவை எடுத்து...

7

இன்று வெள்ளிக்கிழமை, மணி நாலரை. ஆசிரியர் அறையில் என்னைத் தவிர யாருமில்லை. வாசலில் இளமதி நிற்கிறாள்.

"ஐயா, எழுதிகினே கீறீங்களே. முடிஞ்சிதா?"

"இது... வேறம்மா. கதை."

உள்ளே வந்து மேசையில் கிடந்த பக்கங்களைப் படித்தாள். தான் வரும் இடங்களில் கொஞ்சம் மெதுவாகப் படித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்வாளோ என்று ஓர் ஆசையும் இருந்தது. அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டேன்.

"நா விழுந்தத கரெக்டா எழுதிகீறீங்க. லெட்டர் எங்கங்கய்யா?"

"நல்ல தாள் ஒண்ணும் மிச்சமில்லம்மா. எல்லாம் இதுக்கே..."

நான் எழுதிக்கொண்டிருந்த இந்தக் கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தாள். அப்படியே என் முன்னால் வைத்தாள்.

"பின்பக்கம் காலியாத்தான் கீதுங்க ஐயா. ஆபீஸு பத்து நிமிஷ நடை."

அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் தாளை இந்தப் பக்கம் திருப்பி இதை எழுதுகிறேன். பின்பக்கம் கடிதத்தை எழுதினால் இந்தத் தாள் ஆபீஸ் கோப்புக்குள் போய்விடும், கதையின் கடைசிப் பக்கம் உங்களுக்குக் கிடைக்காது. நீங்களோ இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என்மேல் கொஞ்சம் நம்பிக்கை மிச்சமிருப்பவர்கள், போகிற வழியில் இதை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் கடை இருக்கிறது. அது திறந்திருந்ததா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், அவள் வந்துவிட்டா