நடுவில் கொஞ்சம் வெயில்

...நின்றுவிட்டதே, இப்படியா நிற்கும், விடிவதற்கு முன்னாலிருந்து கொட்டிய மழை தூறலாகி, சாரலாகி, போகவா வேண்டாமா என்று யோசித்துத்தானே போகும், இது யாரோ கையைத் தட்டி நிறுத்தியது மாதிரி நின்றுவிட்டதே என்று காப்பி ஸ்டோர் வாசலில் நின்ற காவல்காரன் மூக்கன் வானத்தைப் பார்த்தான். காற்றும் இல்லை. ஓர் இலை ஆடவில்லை. தலைக்கு மேலே வட்டமாக நீல வானம், வெயில்கூட அடிக்கிறது, நாலு திக்கிலும் மேகம் சுவர் எழுப்பியிருக்கிறது, கிணற்றுக்குள் நின்று அண்ணாந்து பார்ப்பது போல... இதைப் பார்த்திருக்கிறோமே. பார்த்திருக்கிறோமா? கொட்டச்சேட்டுக்கு மேலே இருக்கிற இந்த எஸ்டேட்டில் வெயிலைக் கண்டால் ஒரே வேலைதான், யாரும் சொல்ல வேண்டியதில்லை, களத்தில் பாய் போட்டு மூடிய காப்பிக் குவியலைத் திறந்து பரப்ப வேண்டும், இல்லாவிட்டால் கொட்டை பூசணம் பிடித்துவிடும். முப்பது பேர் ஸ்டோரை விட்டுக் களத்துக்கு ஓடியாயிற்று. முதல் ஆளாக அவன் பெண்டாட்டி வேலம்மாள். களத்தின் தெற்கு ஓரத்தில் வரிசையாக சில்வர் ஓக் மரங்கள், காலையிலிருந்து வாடைக்காற்று வடக்கேயிருந்து தள்ளித் தள்ளி வேரெல்லாம் மண்ணை விட்டுக் கிளம்பிவிட்டது, இனி தெற்கேயிருந்து ஒரு தள்ளு போதும், அத்தனை மரமும் களத்தின் மேல்தான், வேலம்மாளின் மேல்தான்.

தெற்கேயிருந்து வருமா? இருபது வயதில் நாகப்பட்டணத்திலிருந்து ரங்கூனுக்குப் போகிற கப்பலில் மூக்கன் கயிறு இழுத்தான். வழியில் ஒரு மீன் கப்பலை நிறுத்தி வெற்றிலை கேட்டது, சுண்ணாம்பு இல்லையென்றதும் கோபித்துக்கொண்டு போயிற்று என்று ஊருக்குள் சொல்லிவைத்திருந்தான். கரடியூரில் ஒரு சிறுத்தை அவன் தலைப்பாகையைத் தூக்கிக்கொண்டு போய், வெள்ளிக்கிழமை துவைத்துக் கொண்டுவந்து கொடுத்ததும் அவன் சொன்னதுதான். இத்தனைக்கும் நடுவே அந்தக் கப்பலில் அவன் மாட்டிக்கொண்ட புயல் மட்டும் நிஜம். நிஜம்தானா? முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் அலையை ஒரு முழம் உயர்த்தி, எந்த முழம் கடலுடையது, எந்த முழம் தன்னுடையது என்று இப்போது பிரிக்க முடியவில்லையே... கப்பல் ஆட்களுக்குத் தலைவரான சாரங்கு பலகையில் ஈரவிரலால் வட்டம் போட்டுக் காட்டியது நினைவிருக்கிறது, அவருக்கு இடதுகையில் நாலு விரல், அப்படியானால் நிஜம்தான், பொய்யாக இருந்தால் மூக்கன் ஆறு விரல் வைத்திருப்பான். சாரங்கு என்ன சொன்னார்? கடல் சூடேறிக் கிடக்கிறது, ஆவி அந்தச் சூட்டை மடியில் கட்டிக்கொண்டு மேலே ஏறுகிறது, மேலே குளிர்ந்து மழையாகிறபோது மடியை அவிழ்த்துச் சூட்டைக் கொட்டுகிறது, அந்தச் சூட்டில் காற்று இன்னும் மேலே பறக்கிறது, அது விட்ட இடத்தை நிரப்பக் கீழே நாலு பக்கத்திலிருந்தும் காற்று ஓடிவருகிறது, நேரே வராமல் வளைந்து வளைந்து சுற்றுகிறது. பூமி சுற்றுவதால்தான் அப்படி என்றார், அதை மட்டும் மூக்கன் நம்பவில்லை, பொய்க்கும் ஓர் அளவு வேண்டாமா. நடுவில் கண். கண்ணுக்குள் வெயில் அடிக்கும், காற்று செத்துக்கிடக்கும், கண்ணைச் சுற்றிய மேகச் சுவரில்தான் எமன் இருக்கிறான். கண் கடந்ததும் அடுத்த பக்கத்துச் சுவர் வரும், காற்று எதிர்த்திசையிலிருந்து அடிக்கும்... ஆனால் இன்னொன்றும் சொன்னாரே. கடல்தான் அதற்குச் சோறு, கரையேறிவிட்டால் பட்டினி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும் என்றாரே. கடல் எங்கே, சேர்வராயன் மலை எங்கே? இத்தனை தூரம் பட்டினியாக நடந்தா வந்திருக்கும்? செத்துப்போன புயலா இது, இல்லை உயிரோடிருக்கிற புயலின் கண்ணா?

அப்போதுதான் களத்து ஓரத்தில் அந்தப் பறவையைக் கண்டான். வெள்ளை உடம்பு, கறுப்புத் தலை, பிளந்த வால், இறக்கையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தது. ஆலா. கடல் பறவைக்கு மலையில் என்ன ஜோலி? கண்ணுக்குள் மாட்டி, சுவரைத் தாண்ட முடியாமல் கூடவே வந்திருக்கிறது. செத்த புயலும் பறவையை விட்டுவிட்டுத்தானே போகும்? இருந்தாலும் வேலம்மாள் களத்தில் நிற்கிறாளே. ஓடிப் போய்க் கத்தினான், உள்ளே வாங்க, இது புயலுக்கு நடுவுல இருக்கற கண்ணு, திரும்ப அடிக்கும், தெக்கேயிருந்து அடிக்கும். களம் முழுக்கச் சிரித்தது. “புயலுக்குக் கண்ணிருக்குதா? மூக்கும் இருக்குமாட்ட, அதான் உங்களக் கூட்டாளி புடிச்சிருக்குது” என்றாள் ஆராயி. மேஸ்திரி மாதப்பன் நிமிரக்கூட இல்லை. “மூக்கா, அந்தச் சிறுத்தைகிட்டச் சொல்லியனுப்பு, வந்து பாயத் தூக்கட்டும்.” வேலம்மாள் மட்டும் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள், அது இன்னும் மோசமாக இருந்தது.

நிஜத்துக்கு மதிப்பில்லாதபோது என்ன செய்வது, தெரிந்த தொழிலைத்தான் செய்ய வேண்டும். ஸ்டோர் வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டைப் பிடித்து அடித்தான். அது பெரட்டு மணி, பேர் கூப்பிடுகிற மணி, அது கேட்டால் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள்கூடப் பாதியில் எழுந்துவருவாள், ஏன் என்று கேட்கிற பழக்கம் மலையில் யாருக்கும் கிடையாது. வந்தார்கள், திட்டிக்கொண்டே வந்தார்கள். சேலத்துக்குப் போன துரை குதிரைக்காரனை அனுப்பியிருக்கிறார், தான் வருகிற வரை ஒருத்தரும் ஸ்டோரை விட்டு வெளியே போகக் கூடாதாம் என்றான் மூக்கன், எச்சில்கூட விழுங்காமல். நம்பினார்கள். முப்பது பேரும் கல் சுவருக்குள்ளே. அப்பாடா. எவ்வளவு நேரம் ஆயிற்று? வெயில் இன்னும் நன்றாக அடிக்கிறதே, ஏன் வரவில்லை, கண் எவ்வளவு அகலம், சாரங்கு அதைச் சொல்லவில்லையே... வேலம்மாள் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள். “ஏனுங்க, குதிரக்காரன் வந்தானுங்களா?” “வந்தான்.” “வழியப் பாத்த மாதிரிதானுங்க நான் நின்னுட்டிருந்தன்.” அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். “நொம்ப நேரமா காப்பி வெயில்ல தொறந்து கெடக்குது. பாதி பரப்புனது, மீதி குவியலாவே கெடக்குது. துரை வந்து கேட்டா உங்களத்தான் வெரட்டுவாரு. நான் போயி ரெண்டு இழுப்பு இழுத்துட்டு வந்தர்றன்.” முந்தானையைப் பிடித்தான். நெசமாத்தான் சொல்றன் வேலு, என்றான். அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். “எப்பவும் அதத்தானுங்க சொல்றீங்க.”

களத்தில் அவள் ஒருத்தி மட்டும், குனிந்து, கட்டையால் காப்பியை இழுக்கிறாள். உள்ளே முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது, குதிரைச் சாணம்கூட வழியில் இல்லையே என்கிறாள் ஆராயி, மாதப்பன் கதவுப் பக்கம் நகர்கிறார். இப்போது எல்லாரும் போய்விடுவார்கள், நாளையிலிருந்து எதைச் சொன்னாலும்... வந்து தொலையேன், ஒரே ஒரு தடவை, ஒரே ஓர் அடி அடித்துக் காட்டிவிட்டுப் போயேன்... தெற்கே, மரவரிசையின் உச்சியில், இலைகள் எல்லாம் ஒரே சமயத்தில் புரண்டு வெள்ளையைக் காட்டின. பள்ளத்திலிருந்து எருமை மந்தை ஏறிவருகிற மாதிரி சத்தம். வந்துவிட்டது. நெஞ்சு குளிர்ந்தது மூக்கனுக்கு, சிரிப்புக்கூட வந்தது, பார்த்தீங்களா, பார்த்தீங்களா என்று மாதப்பனைப் பார்த்து... அதற்குப் பிறகுதான் களம் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகுதான். ஓடினான், வேலு, வேலு என்று கத்திக்கொண்டு ஓடினான், அவள் கட்டையைப் பிடித்தபடி மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள், காலுக்குக் கீழே காப்பிக்கொட்டை உருண்டது, ஒரு மூச்சு நேரம் இருக்குமா, சொன்னது நடந்ததே என்று நின்ற அந்தச் சந்தோஷம், ஒரு மூச்சுதானே, இல்லை இரண்டா...