ஆஸ்கருக்கு ஒரு டப்பா

எண்பத்தொரு வயதுப் பெண்மணியிடம் வயதுச் சான்று கேட்டார்கள். கேட்டதோடு விட்டார்களா, காட்டிய பிறகு செல்லாது என்றார்கள். இதைச் சொல்லும்போது இன்னமும் எனக்குக் காது சுடுகிறது.

ஹுல்டாதான் புகை பிடிக்கும் எங்கள் பைப் சங்கத்தில் மூத்தவர். முப்பது வருடம் கோதுமை லாரி ஓட்டியவர், ஓட்டும்போதும் வாயிலிருந்து பைப்பை எடுக்காதவர். போன மார்ச்சில் கண் மங்கிவிட்டது என்று தானாகவே ஓட்டுவதை நிறுத்தினார். ஓட்டுநர் உரிமத்தையும் புதுப்பிக்கவில்லை. அதனால் அன்று காலை நான்தான் அவரை என் வண்டியில் நகரத்துப் புகையிலைக் கடைக்குக் கூட்டிப்போனேன். வாங்க வேண்டியது ஒரே ஒரு டப்பா. அது எங்கள் சங்கத்து ஆஸ்கருக்கு.

ஆஸ்கருக்கு மறுநாள் காலை தொண்டையில் அறுவை சிகிச்சை. அதன்பின் ஆயுசுக்கும் பைப் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனும் சண்டை போடாமல் சரியென்றான். ஆனால் அன்று சாயங்காலம் கடைசியாக ஒரு தரம், அவனுடைய பழைய வர்ஜீனியா புகையிலை வேண்டும் என்றான். இந்த மாநிலத்தில் வரி ஏறின வருடமே அவன் அதை விட்டிருந்தான். ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவன். விலையைக் கொடுத்து, கிட்டத்தட்ட அதே அளவு வரியையும் கொடுக்க எங்கே போவான்? ஒன்பது வருடமாக ஏதோ மலிவுத் தூளை ஊதிக்கொண்டிருந்தான். “நான் வாங்கித் தரேன்” என்று ஹுல்டா வாக்குக் கொடுத்திருந்தார்.

கடையில் இருந்த பெண்ணுக்கு மிஞ்சினால் இருபத்திரண்டு இருக்கும். ஹுல்டாவின் ஓட்டுநர் உரிம அட்டையை இயந்திரத்தில் தேய்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

“சாரி மேடம். இது தேதி முடிஞ்சு போச்சு.”

“எனக்கு இன்னும் முடியலையே கண்ணு” என்றார் ஹுல்டா. “என் மூஞ்சியைப் பாரு. இருபத்தொண்ணு ஆகலைன்னு தோணுதா?”

“எனக்குத் தோணுறதுல ஒண்ணுமில்லை மேடம். மெஷின் ஒத்துக்கணும். சட்டம் அப்படி.”

என்னால் பொறுக்க முடியவில்லை. என் அட்டையை எடுத்து மேசையில் அடித்தேன். அங்கேதான் சனியனை விலைக்கு வாங்கினேன். பைப்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வாயை மூடிக்கொண்டு ஒரு டப்பா வாங்கத் தெரியாது. யாருக்கு, எந்த வருடத்து இலை, ஈரம் எவ்வளவு என்று பத்து நிமிடம் அளந்தால்தான் எங்களுக்கு வாங்கின மாதிரி இருக்கும்.

“என் பேர்ல போடு” என்றேன். “குடிக்கப்போறது இவங்களும் இல்லை, நானும் இல்லை. ஆஸ்கர்னு ஒருத்தன். அவனுக்குக் கொஞ்சம் ஈரமா இருந்தாத்தான் பிடிக்கும். பின்னால பழைய டப்பா இருக்கான்னு பாரு.”

அலமாரிப் பக்கம் போன அவள் கை நின்றது.

“அப்போ வேற ஒருத்தருக்கு வாங்குறீங்க. அப்படிக் கொடுக்கக் கூடாது சார்.”

“அவனுக்கு எழுபத்தாறு வயசு!”

“அவர் இங்கே இல்லையே சார்.”

ஹுல்டா என் சட்டைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். இல்லையென்றால் அங்கே என்ன நடந்திருக்குமோ.

தபாலில் வரவழைக்கலாம் என்றால் அதற்கும் இந்த மாநிலத்தில் தடை. சுருட்டு வரலாம், பைப் புகையிலை வரக் கூடாது. எந்த மேதாவி உட்கார்ந்து யோசித்தானோ! நகரத்தில் வேறு கடையிலும் அந்தப் புகையிலை கிடையாது. மிச்சம் இருந்தது ஒரே வழி. எல்லை தாண்டிப் பக்கத்து மாநிலமான ஐடஹோ. ஒன்றேகால் மணி நேரம். வழி நெடுக நான் அரசாங்கத்தை வறுத்தெடுத்தேன். சட்டம் போட்டவன், அதற்குக் கை தூக்கினவன், அந்த இயந்திரத்தைச் செய்தவன், ஒருத்தனையும் விடவில்லை. ஹுல்டா காலிப் பைப்பைப் பல்லில் கடித்தபடி அறுவடை முடிந்த வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஐடஹோ கடைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ‘மான் வேட்டைக்குப் போயிருக்கிறேன். வியாழக்கிழமை வருவேன்.’

நான் கதவை உதைத்தேன். கால்தான் வலித்தது.

“மெரில்” என்றார் ஹுல்டா. “உன் வீட்டு நிலவறையில எத்தனை டப்பா வச்சிருக்கே?”

இருக்கிறது. அதே வர்ஜீனியாதான், பதினோரு டப்பா. வரி ஏறுவதற்கு முந்தின வாரம் வாங்கிப் போட்டது. மூடி திறக்காமல் வைத்தால் வருடத்துக்கு வருடம் ருசி கூடும். ஒவ்வொரு ஜனவரியிலும் என் கையிருப்பைச் சங்கத்தில் எழுந்து நின்று வாசிப்பேன். எல்லோரும் கை தட்டுவார்கள். ஆஸ்கரும் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டுவான்.

“அது ஊறப் போட்டது ஹுல்டா. இன்னும் ஒரு ஆறு வருஷம் போனா...”

“காலையில வண்டியில ஏறும்போது சொல்லுவேன்னு நினைச்சேன். அந்தக் கடையை விட்டு வெளியே வந்ததும் சொல்லுவேன்னு நினைச்சேன். இவ்வளவு தூரமும் வாயே மூடாம வந்தே, அதை மட்டும் சொல்லலை.” அவர் குரல் உயரவே இல்லை. “அந்தப் பொண்ணைச் சட்டம் தடுத்துச்சு. உன்னை எதுடா தடுத்துச்சு?”

திரும்பி வரும்போது நான் வாயைத் திறக்கவில்லை. அரசாங்கத்தின் மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது. ஆனால் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்குப் போய் நிலவறையில் இறங்கி ஒரு டப்பாவை எடுத்தேன். ஆஸ்கர் வீட்டை அடையும்போது வெயில் சாய்ந்திருந்தது. அவன் சமையலறை மேசையில் மருத்துவமனைக்குப் பையைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். டப்பாவை அவன் கையில் கொடுத்தேன். அடியில் நான் ஒட்டியிருந்த தேதிச் சீட்டைத் திருப்பிப் பார்த்தான். உடனே திறக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“அடப்பாவி, உன்னோடதையா எடுத்துட்டு வந்தே?” என்றான். குரல் ஏற்கெனவே பாதிதான் வந்தது. “இனிமே உனக்குப் பத்துதானே இருக்கும்!”

அவன் கேலி செய்யவில்லை. எனக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டான்.