மேட்டில் யார் இருக்கிறார்கள்?

வரைபடத்தில் தன் தெரு இளம்பச்சையாக இருப்பதைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பச்சை என்றால் பத்திரம், சிவப்பு என்றால் ஆபத்து. போன மழைக்குக் கட்டிலுக்கு மேல் தண்ணீர் ஏறி, அரிசி டின் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வாசல் வழியாகக் கிளம்பிப் போன தெரு அது. அது பத்திரமாம். சிரித்து முடித்த பிறகுதான் காது சுட்டது.

கல்லூரியில் அவள் மூன்றாம் வருடம். விடுமுறைக்கு ஓர் ஆய்வு மையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள். அங்கே அவளுக்குப் பெயரே பயிற்சிதான். "பயிற்சி, பிரிண்டர்ல பேப்பர் சிக்கிக்கிச்சு பாரு" என்பார்கள், போவாள். வெள்ளமோ வெயிலோ வந்தால் ஊரில் யார் அதிகம் அடிபடுவார்கள் என்று தெருத்தெருவாக மதிப்பெண் போடும் வேலை. வயது, நோய், கூரை, வருமானம், ஆபத்தில் கைகொடுக்க ஆள் உண்டா என்று வீடு வீடாகக் கேட்டு, கூட்டி வகுத்து நிறம் பூசுவார்கள். அந்த வரைபடம் வெள்ளிக்கிழமை நகராட்சிக்குப் போகிறது. நகராட்சி புதிதாக வாங்கியிருக்கும் மோட்டார் பம்புகள் மழைக்கு முன்பே சிவப்புத் தெருக்களில் போய் உட்கார்ந்துவிடும். பச்சைத் தெருவுக்கு ஒரு வாளிகூடக் கிடையாது.

எது காலை வாரிவிட்டது என்று தேடினாள். கூரைக்கு மோசமான மதிப்பெண். வருமானத்துக்கு அதைவிட மோசம். ஆனால் கைகொடுக்க ஆள் உண்டா என்ற கேள்வியில் அவள் தெரு நூற்றுக்கு நூறு. ஒரு வீடு பாக்கியில்லாமல் "எங்களுக்கென்ன, நிறையப் பேர் இருக்காங்க" என்று சொல்லியிருந்தது. அந்த நூறு, மற்ற எல்லாவற்றையும் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பச்சையில் இறக்கிவிட்டது. வீடு வீடாய்ப் போய்க் கேட்டு எழுதியது யார்? அவளேதான். பள்ளியிலும் கல்லூரியிலும் கண்ணால் பார்க்காத நூறு. எழுதும்போது பெருமையாகக்கூட இருந்தது. யானை தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளுமாம். யானைக்காவது அதைத் தாங்கும் தலை இருக்கிறது.

ஆய்வை நடத்தும் பேராசிரியரின் அறையில் ஏசி உறுமிக்கொண்டிருந்தது.

"சார், இது தப்பு."

"எந்த எண் தப்பு?"

"எண் சரிதான் சார். தெருதான் தப்பா வந்திருக்கு."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். "உறவு பலமா இருக்கிற இடம்மா இது. விழுந்தாலும் மீண்டு எழுவாங்க. நல்ல செய்திதானே? அறிக்கையில தனியா ஒரு பத்தியே எழுதலாம்."

"மீண்டு எழுறதுக்கு முதல்ல முழுகணும் சார்!"

ஏசியே ஒரு நொடி நின்று கேட்டதுபோல் இருந்தது. பயிற்சிகள் இந்த அறையில் இவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

"அவங்க சொன்ன அந்த நிறையப் பேர் யாரு தெரியுமா சார்? பக்கத்து வீடு. பக்கத்து வீடு சொன்னது எங்க வீட்டை. தெரு மொத்தமும் ஒண்ணு கையை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு ஒரே தண்ணில நிக்குது. இதுக்குப் போய் முழு மார்க் போட்டிருக்கோம்."

"கோபத்தை வரைபடத்துல போட முடியாதும்மா" என்றார் பேராசிரியர். குரலில் கிண்டல் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. "உன் தெருவுக்கு மட்டும் கேள்வியை மாத்தினா அது ஆய்வு இல்ல, சிபாரிசு. மாத்தினா எல்லாத் தெருவுக்கும் மாத்தணும். மத்த பசங்க திரும்பப் போவாங்களா இந்த வெயில்ல?"

போனார்கள். அவள் போனில் கத்திய கத்தலுக்கு வெயிலே தேவலை என்று போனார்கள். ஒருத்தன் மட்டும், "நீ நாளைக்குப் பெரிய அதிகாரியா வந்தா நான் வேற நாட்டுக்கு ஓடிடுவேன்" என்றான். புதுக் கேள்வி ஒன்றே ஒன்று: வெள்ளம் வந்தால், தண்ணீர் ஏறாத இடத்தில் உங்களுக்குக் கதவைத் திறந்துவிட யார் இருக்கிறார்கள்?

தன் தெருவில் முதலில் தன் வீட்டுக்குத்தான் போனாள். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா, யாருடைய சட்டைக்கோ பொத்தான் தைத்தபடி.

"ஏம்மா அன்னைக்கு அப்படிச் சொன்னே?" என்று செருப்பைக் கழற்றுமுன்பே ஆரம்பித்தாள். "உன்னால தெருவே பச்சையாயிடுச்சு."

"நான் என்னடி பொய்யா சொன்னேன்? போன மழையில என்னைத் தூக்கிட்டுப் போனது யாரு? இவ புருஷன்தானே?"

"தூக்கிட்டு எங்கே போனாரு? அவங்க வீட்டு மாடிப்படிக்கு. அங்கேயும் தண்ணி!"

"இதோ பாரு," அம்மா கீரைக்கட்டைத் தட்டில் எறிந்தாள். "அன்னைக்கும் இவ இங்கேதான் உட்கார்ந்திருந்தா. இவளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எனக்கு யாருமில்லன்னு சொல்றதா? சொன்னா நாக்கு அழுகிடும். படிச்சவளாம், கேள்வி கேட்கத் தெரியல."

அவள் படிவத்தை எடுத்தாள். புதுக் கேள்வியைக் கேட்டாள்.

அம்மா கீரையை மறுபடி எடுத்துக்கொண்டாள். ஆய்ந்த தண்டையே திரும்ப ஆய்ந்தாள். மேட்டில் வீடு கட்டியிருப்பது அவளுடைய தம்பி. 'என் தம்பி வீட்டு மாடியில நின்னா ஊரே தெரியும்' என்பதைத் தெருவில் கேட்காத காது கிடையாது. போன வெள்ளத்தில் மாடிப்படியில் நனைந்து நின்றபடி, தெருக்காரர்கள் காதில் விழாமல், அந்தத் தம்பிக்குத்தான் அம்மா போன் செய்தாள். வீட்டில் விருந்தாளிகள் இருக்கிறார்கள், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றான் தம்பி. அது அம்மாவுக்கும் மகளுக்கும் மட்டும் தெரியும். "தம்பி வந்து கூப்பிட்டான், நான்தான் போகல" என்று தெருவுக்கு வேறு கதை.

எழுதாமல் விட்டுவிடலாமா என்று மகளுக்குத் தோன்றியது. அம்மாவின் மானமா, மோட்டாரா? இப்படி ஒரு கேள்வியைக் கண்டுபிடித்த தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

தையல்கார அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "என்னுதை முதல்ல எழுதிக்கோ கண்ணு. எனக்கு மேட்டுல ஒரு ஈ, காக்கா கிடையாது. பக்கத்துல உங்கம்மா இருக்கா. என்ன பிரயோஜனம், அவ எனக்கு முன்னாடி முழுகிடுவா."

அவள் எழுதினாள்.

"எழுதிட்டியா?" என்றாள் அம்மா.

"எழுதிட்டேன்."

"என்னுதையும் அப்படியே எழுது."

"மாமா..."

"மாமா என்னடி மாமா!" அம்மாவின் குரல் தெருமுனை வரை போயிருக்கும். "கூடப்பிறந்தவன் ஒருத்தன் இருக்கான். போன் பண்ணி அழுதேன். விருந்தாளி வந்திருக்காங்கன்னான். இவளுக்கும் தெரியட்டும், எல்லாருக்கும் தெரியட்டும். யாருமில்லன்னு எழுது. கை நடுங்காம எழுது."

தையல்கார அக்கா தலை நிமிரவில்லை. தைத்து முடித்த பொத்தானையே திரும்பத் தைத்தாள்.

அதன்பின் ஒவ்வொரு வீடாகப் போனாள். அந்தக் குரல் அவளுக்கு முன்னாலேயே எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. கேள்வியை முடிக்குமுன்பே "இல்ல, எழுதிக்கோ" என்று கதவோரம் நின்று சொன்னார்கள், ஏதோ அவள்தான் வெள்ளத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தவள்போல. பெரிய மாடிகள் இருக்கும் தெருக்களில் மற்ற பயிற்சிகளுக்குக் காபி கிடைத்ததாம்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் தெரு சிவந்தது. அடர்சிவப்பு. கீழ்ப்பக்கத்துத் தெருக்கள் இன்னும் சிலவும் சேர்ந்து சிவந்தன. பேராசிரியர் வரைபடத்தை நகராட்சிக்கு அனுப்பிவிட்டு, "நல்ல வேலைம்மா" என்றார். மீண்டு எழுவது பற்றிய பத்தியை மட்டும் எடுக்க மனமில்லாமல் வேறொரு தெருவுக்கு மாற்றி வைத்திருந்தார். அவள் அதைக் காட்டிச் சண்டை போட்டாள். அதையும் எடுத்தார்.

மதியம் பதில் வந்தது. மோட்டார் ஒன்று அவர்கள் தெருமுனைக்கு. வெளியே வந்து வீட்டுக்குப் போன் செய்தாள். எழுதிக்கொண்டு போன நாளிலிருந்து அம்மா அவளோடு பேசவில்லை. சோறு போடுவாள், தட்டை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

"மோட்டார் வருதும்மா."

"ம்."

"மழைக்கு முன்னாடியே வந்துடும்."

"அந்தப் படத்துல உங்க மாமா பேரு இருக்கா?"

"இல்லம்மா. யார் பேரும் வராது. நிறம் மட்டும்தான்."

மறுமுனையில் அம்மா குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"போட்டிருக்கலாம்" என்று சொல்லி அம்மா போனை வைத்தாள்.