குந்திவிட்ட விமானம்

விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிற கூட்டத்தில் அவனுக்குக் கிரேன் என்று பெயர். இரண்டு பேர் முக்கித் தூக்குகிற பெட்டியை ஒற்றை ஆளாகத் தோளுக்குக் கொண்டுவந்தவன். இப்போது அந்தக் கிரேன் பாதி வாளித் தண்ணீரைத் தொட்டாலே மனைவி ஓடிவந்து பிடுங்கிக்கொள்கிறாள். முதுகில் ஆபரேஷன்.

விமானத்தின் வயிற்றறைக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. மண்டிபோட்டுத்தான் வேலை. அன்றைக்கு ஒரு இயந்திரப் பெட்டியை இன்னொரு பெட்டியின்மேல் ஏற்றினார்கள். கிரேன் முதுகைக் கொடுத்து முட்டுக்கொடுத்தான். பின்னால் இருந்து மேல்விளிம்பைப் பிடித்திருந்தவன் மச்சினன், மனைவியின் தம்பி. திடீரென்று பிடி போயிற்று. மொத்தப் பாரமும் இவன் முதுகில் இறங்கியது.

"பெட்டியக் கட்டுற பெல்ட்டுக் கொக்கி விரல்ல ஏறிடுச்சு மாமா" என்று ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டே சொன்னான் மச்சினன். கிரேன் நம்பவில்லை. அவன் கண்ணால் எதையும் பார்க்கவில்லை, முதுகுக்குக் கண் கிடையாது. ஆனால் அந்தப் பயலின் விளையாட்டுப் புத்தி அவனுக்குத் தெரியும். எங்கேயோ வாய் பார்த்துக்கொண்டு கையை விட்டிருப்பான் என்று முடிவுகட்டிவிட்டான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

மச்சினன் வருவதை மட்டும் நிறுத்தவில்லை. விடுமுறை தவறாமல் வருவான். நேரே சமையலறைக்குப் போவான், உட்கார்ந்து சாப்பிடுவான், கையைக் கழுவிவிட்டுப் போய்விடுவான். "எதுக்கு இங்க வர்றானாம்?" என்று கிரேன் ஒருமுறை சுவரைப் பார்த்துக் கேட்டதற்கு, "நான் எங்க அக்கா வீட்டுக்கு வந்தேன், அவர் வீட்டுக்கு வரல" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. அதுவும் சுவரிடம்தான்.

ஆபரேஷனாகிச் சில மாதம் கழித்து மேஸ்திரி போன் செய்தார். தூக்குகிற வேலை இனி இல்லை. கீழே நின்று, விமான வயிற்றின் முன்னறை பின்னறை இரண்டில் எதில் எது முதலில் ஏற வேண்டும், எது முதலில் இறங்க வேண்டும் என்று சொல்கிற வேலை ஒன்று காலியாகியிருக்கிறது. "உன் பழைய கூட்டம்தான்பா. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடு. இல்லேன்னா மேலிடத்துல வேற ஆளைப் போட்டுடுவாங்க, அப்புறம் எங்கிட்ட வந்து நின்னு பிரயோசனம் இல்ல."

பழைய கூட்டம் என்றால் மச்சினனும் சேர்த்தி.

"அவன் மூஞ்சியில முழிச்சு வேலை பாக்குறதுக்கு இங்கயே கிடந்து அழுகிப்போலாம்" என்றான் கிரேன்.

"அழுகுங்க" என்றாள் மனைவி. "கட்டில்ல மட்டும் வேண்டாம். நேத்துதான் உறை மாத்தினேன்."

ஒட்டிச் செய்கிற விமானப் பொம்மை ஒன்றை அதற்குச் சில நாள் முன்பே அவள் வாங்கிவந்திருந்தாள். தினமும் கொஞ்ச நேரம் முதுகை நேராக வைத்து உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று மருத்துவமனையில் பயிற்சி கொடுத்த பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சும்மா உட்கார் என்றால் எவன் உட்காருவான்? கடையைக் காலிசெய்துகொண்டிருந்த ஒரு புத்தகக் கடைக்காரன் வாசலில் குவித்துப்போட்டிருந்ததில் இந்தப் பெட்டியை அவள் பார்த்தாள். பெட்டிமேல் பயணிகள் விமானப் படம். உள்ளே தகடு தகடாகப் பிளாஸ்டிக் சட்டங்கள், சட்டம் பூராவும் காய்த்துத் தொங்குவதுபோலத் துண்டுகள்.

முதலில் முறைத்தான். பிறகு ஒரு சக்கரத்தை வெட்டி எடுத்தான். அவ்வளவுதான், ஆள் மாட்டிக்கொண்டான்.

இயந்திரப் பெட்டி தூக்கிய விரலுக்குள் அரிசி அளவு சக்கரம் நிற்கவில்லை. நழுவி விழுந்து கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. குனியக் கூடாதவன் குனிவதற்குள் மனைவி துடைப்பத்தோடு வந்தாள். "ஊர்ப்பட்ட பெட்டி தூக்கின ஆளு, ஒரு சக்கரத்தத் தூக்க ரெண்டு பேரு வேண்டியிருக்கு" என்றாள். போகப் போக விரல்கள் படிந்தன. வெட்டிய இடத்து முளையை உப்புத்தாளால் தேய்த்தான். பசையைத் தூரிகை நுனியில் தொட்டு இணைப்பில் ஓடவிட்டான். விமான உடம்பின் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டன. சந்தில் மக்கு பூசி, காயவைத்து, மறுபடி தேய்த்தான். சாம்பல் நிற அடிப்பூச்சின்மேல் வெள்ளையை மெல்ல மெல்ல, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக ஏற்றினான். முதல்தடவை அவசரப்பட்டுக் கெட்டியாகப் பூசியதில் பெயிண்ட் மூக்குச்சளி மாதிரி வடிந்துவிட்டது. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டுத் திரும்பவும் ஆரம்பித்தான். வாய்க்குள் கெட்டவார்த்தை ஓடியது, கை நிற்கவில்லை.

வயிற்றுப்பக்கம்தான் அவனுக்குத் தெரிந்த பக்கம். சரக்குக் கதவோரம் பெட்டிகள் உரசி உரசி விழுகிற கீறல், பெட்டிகளை மேலே அனுப்புகிற ஏற்றுப்பட்டை வந்து இடிக்கிற இடத்துக் கறுப்பு, சக்கரக் குழியிலிருந்து பின்னால் ஒழுகுகிற எண்ணெய்க்கோடு, ஒன்றையும் விடவில்லை. முதுகுப்பக்கம் திருப்பியபோது கை நின்றுவிட்டது. இத்தனை வருஷ வேலையில் ஒரு விமானத்தின் மேல்பக்கத்தை அவன் பார்த்ததே இல்லை. "பெட்டியில எப்படி இருக்கோ அப்படியே வெள்ளையடிங்க. மேல போய் யாரு பாக்கப் போறா?" என்றாள் மனைவி.

வியாழக்கிழமை எல்லாம் முடிந்தது. வாலில் ஒட்ட வேண்டிய படங்களைத் தண்ணீரில் ஊறவைத்து நழுவவிட்டு, ஈரத்தை ஒற்றியெடுத்தான். பிறகு மேசைமேல் மூன்று சக்கரத்திலும் நிறுத்திக் கையை எடுத்தான்.

மூக்கு மேலே போயிற்று. வால் மேசையில் இடித்தது. விமானம் பின்பக்கம் குந்திக்கொண்டது.

அழுத்தி நிறுத்தினான். மறுபடி குந்தியது.

சரக்கு ஏற்றுகிறவர்களுக்கு இதைவிட மானக்கேடு வேறு இல்லை. முன்னறையை முதலில் காலி செய்துவிட்டால் பின்னறைப் பாரம் இழுத்து விமானம் வாலில் குந்திவிடும். வேலைக்குச் சேரும் முதல்நாளே காதைத் திருகிச் சொல்லித்தருகிற பாடம். குந்தவிட்டவனை ஆயுசுக்கும் கேலிசெய்வார்கள். கிரேன் பெட்டிக்குள்ளிருந்த வழிமுறைத் தாளை எடுத்துப் பார்த்தான். உடம்பை ஒட்டுகிற படத்தில் மூக்குக்குள் ஒரு கறுப்பு உருண்டை இருந்தது. அச்சு மசி சிந்தியது என்று அன்றைக்கு நினைத்திருந்தான். பாரம் வை என்று பொருள். வைக்காமலே மூடி ஒட்டிவிட்டான்.

மனைவி எட்டிப்பார்த்தாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். அன்றைக்கு விடுமுறை, அங்கே மச்சினன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கிசுகிசுப்பு கேட்டது. பிறகு ஒருவனுக்குப் புரையேறுகிற சத்தம்.

அடுத்த நிமிஷம் மச்சினன் எச்சில் கையோடு அறை வாசற்படியில் வந்து நின்றான்.

"மாமா" என்றான். "முன்னறைய யாரு மாமா காலி பண்ணது?"

கிரேன் சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்தான்.

"நம்ம பசங்களுக்குத் தெரிஞ்சா உங்களைக் கட்டிவெச்சு சிரிப்பாங்க."

"நீ போய்ச் சொல்லாம இருந்தா தெரியாது."

இத்தனை மாதத்தில் சுவரை நடுவில் வைக்காமல் பேசிய முதல் பேச்சு அது. இருவருமே அதைக் கவனிக்காததுபோல இருந்தார்கள். மச்சினன் கையைக் கழுவிவிட்டு வந்தான், விமானத்தைக் குனிந்து பார்த்தான். "முன்சக்கரக் குழியில ஓட்டை போட்டு ஈயக்குண்ட உள்ள தள்ளலாம். வண்டியில தூண்டில் பை கிடக்கு, எடுத்தாறேன்."

மச்சினன் விமானத்தைக் கவிழ்த்து, மூக்கைச் சுற்றி விரலை வளைத்துப் பிடித்துக்கொண்டான். கிரேன் கைத்துளைப்பானைக் குழியில் ஊன்றித் திருகினான். பிளாஸ்டிக் வழுக்கியது. அழுத்தினான். முனை சறுக்கி மச்சினனின் கட்டைவிரலில் இறங்கியது.

விமானம் தரையில் விழுந்தது. வால் ஒடிந்து தனியே சுழன்றது.

மச்சினன் விரலை வாயில் வைத்துக்கொண்டு செத்த பாம்பைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. "மாமா, நான் விடல" என்றான். "சத்தியமா நான் விடல மாமா."

கிரேன் விமானத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முனை இறங்கியதும் முதலில் விரல்கள் திறந்தன. வலி முகத்துக்கு வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். நடுவில், விடலாமா என்று அவனைக் கேட்பதற்குக் கைக்கு நேரம் இருக்கவில்லை.

"பாத்தேன்" என்றான் கிரேன். "நீ விடல. கைதான் விட்டுச்சு."

துளைப்பானை மேசைமேல் வைத்தான்.

"அன்னிக்கும் இப்படித்தானா?"

மச்சினன் மற்றக் கையை நீட்டினான். நடுவிரலில் நகம் பாதி கறுத்துக் கோணலாக வளர்ந்திருந்தது.

"இத ஏன்டா எங்கிட்டக் காட்டல?"

"எப்பக் காட்டுறது? நீங்க சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்திருந்தீங்க. முதுகுல கொண்டுவந்து காட்டவா?"

கிரேனுக்குச் சிரிப்பு வெடித்தது. சிரித்தால் தையல் போட்ட இடம் இன்னும் இழுக்கும். இழுத்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். உள்ளேயிருந்து மனைவி ஓடிவந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தரையில் கிடந்த வாலைப் பொறுக்கி மேசையில் வைத்துவிட்டு, தம்பியின் விரலுக்குத் துணி கிழிக்கப் போனாள்.

இந்தமுறை கிரேன் பிடித்துக்கொண்டான், மச்சினன் துளைத்தான். ஈயக்குண்டுகள் ஒவ்வொன்றாக உள்ளே உருண்டன. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு சொட்டுப் பசை. வாலை ஒட்டியபோது அது சற்றே சாய்ந்துதான் உட்கார்ந்தது. நேராக்கப் பார்த்தான் மச்சினன்.

"விடு, பறக்கவா போவுது" என்றான் கிரேன். நிறுத்தினார்கள். மூன்று சக்கரத்திலும் நின்றது. மச்சினன் வாலை விரலால் அழுத்திப் பார்த்தான், உடனே எழுந்து நின்றது.

"மேஸ்திரிக்கு ஒரு போன் போட்டுக் குடு" என்றான் கிரேன்.

மச்சினன் போனை எடுத்து அழுத்திக் கொடுத்தான். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே, "ஒண்ணு சொல்லிடறேன் மாமா. கீழ நின்னுக்கிட்டு எங்களை அசிங்கமாத் திட்டக் கூடாது" என்றான்.

"அது வேலையோட சேர்ந்தது மாப்ள. தனியாப் பிரிக்க முடியாது."

மறுமுனையில் மேஸ்திரி எடுத்தார். கிரேன் ஒரு கையால் மேசையைப் பிடித்து மெல்ல எழுந்து நின்றுகொண்டான்.

"திங்கக்கிழமை வர்றேன் மேஸ்திரி. ஆமா, அதே கூட்டம்தான். அதே பசங்கதான்." கொஞ்சம் கேட்டுக்கொண்டான். தொப்பையைத் தடவிப் பார்த்தான். "வேலைச் சட்டை மட்டும் ஒரு அளவு பெருசா எடுத்துவைங்க. படுத்தே கிடந்ததுல பழசுல பொத்தான் பூட்ட மாட்டேங்குது."